குரு ஆகாதவன் கேட்ட பாவசங்கீர்த்தனம்

பயம் எனக்குக் கூடவே பிறந்தது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்த காலத்தில், எல்லைப் பாலத்தின் நடுவே நெரிசலில் நிற்கும்போது பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காத நாளே கிடையாது. இப்படிப்பட்டவன் வேலையை விட்டுவிட்டு கத்தோலிக்க மறைப்பணிக் குருவாகப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா அழவில்லை. சிரித்துவிட்டார். "நீ போயி மத்தவங்களுக்குத் தைரியம் சொல்லப் போறியா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் உள்ளே போய் அழுதிருக்கிறார். தங்கை பிற்பாடு சொல்லித் தெரிந்தது.

நான் சேர்ந்த துறவற சபையின் பயிற்சி இல்லம் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில், தாமான் என்கிற ஒரு குடியிருப்பில், வரிசை வீடுகளின் மூலையில் இருந்தது. வெளியே பெயர்ப் பலகை கிடையாது. பக்கத்து வீட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா எங்களையும் மாணவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இந்தப் பையன்கள் மட்டும் ஏன் விடியற்காலையில் பாடுகிறார்கள் என்பது அவருக்குப் புரியவில்லை. ஒருநாள் வாய்விட்டே கேட்டார். சர்ச் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, குரல் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் பாடலாமே என்றார்.

சபா மாநிலத்திலிருந்து வந்தவர்கள், வியட்நாமியர்கள், நான் என்று கொஞ்சப் பேர்தான் இருந்தோம். தமிழன் நான் ஒருவன். இல்லத்தை நடத்திய குருவானவர், எங்கள் அதிபர், இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவுக்காரர். மலாயும் ஆங்கிலமும் பேசுவார். தமிழில் நன்றி, சாப்பாடு என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிட்டார். இல்லத்தில் சில வருடங்கள் படிப்பும் செபமும் வீட்டு வேலையுமாக ஓடும். அதற்குப் பிறகு நவதுறவுக்கு வேறு நாட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு வருடம் உலகத்தை விட்டு ஒதுங்கி, இந்த வாழ்க்கை உனக்குச் சரிப்பட்டு வருமா என்று சோதித்துப் பார்க்கிற காலம் அது. யாரை அனுப்புவது, யாரை வீட்டுக்குப் போகச் சொல்வது என்பதை ஆலோசனைக் குழுவில் இருக்கும் குருக்கள் முடிவு செய்வார்கள். அதிபர் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்வார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதிபருக்கு என்னிடம் பிடிக்காதது ஒன்றே ஒன்று. தொட்டதெல்லாம் பாவமோ என்று அஞ்சுகிற என் குணம். கோயில் வட்டாரத்தில் இதை ஒரு நோயாகவே பார்ப்பார்கள். அந்த நோய் உள்ளவன் குருவானால் தானும் நிம்மதியாக இருக்கமாட்டான், நம்பி வருகிறவர்களையும் நிம்மதியாக இருக்கவிடமாட்டான் என்பார்கள். பூசை முடிந்த பிறகு நற்கருணை அப்பத்தின் துணுக்கு ஏதும் கீழே விழுந்திருக்குமோ என்று கம்பளத்தில் நான் தவழ்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். மாலைச் செபத்தில் பாதியில் தூங்கிவிட்டேன், முதலிலிருந்து சொல்லவேண்டுமா என்று கேட்கப் போய் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறேன். அந்த வருட நடுவில் என்னைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். குழு என்னைப் பற்றிக் கேட்கப்போவது இந்த ஒன்றைத்தான். அதுவரை ஒவ்வொரு சந்தேகத்தையும் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடி வரக்கூடாது. வீடு தீப்பிடித்தால் மட்டும் வரலாம்.

அன்றிலிருந்து பயந்தால் வாயை மூடிக்கொண்டு பயப்பட வேண்டியதாகிவிட்டது. அது இன்னும் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு பக்கம் போவோம். எனக்குப் பண்டார் தெங்காரா பக்கம் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் செம்பனை எண்ணெய்த் தோட்டங்கள். அங்கே ஒரு சிறு செபக்கூடம், தோட்டத்திலிருந்து வெளியே வந்து வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சில. குருவானவர் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற வாரங்களில் நான் போய் வாசகம் வாசித்து, செபம் நடத்தி, குருவானவர் ஏற்கெனவே பூசையில் அர்ச்சித்து வைத்த நற்கருணையை எடுத்துக் கொடுப்பேன். அதற்கு ஆயரின் அனுமதி உண்டு. அதற்காக வெள்ளை அங்கி போட்டுக்கொள்வோம். முடிந்ததும் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, சாதாரணச் சட்டையில் நோயாளிகளைப் பார்க்கப் போவோம். இது எங்கள் இல்லத்தின் கண்டிப்பான பழக்கம். அங்கியோடு வீட்டுக்குள் போனால் சனங்கள் குரு என்று நினைத்துவிடுவார்கள் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். எங்களைப் பிரதர் என்று கூப்பிடுவார்கள். குருவை ஃபாதர் என்பார்கள், வயதானவர்கள் சாமி என்பார்கள்.

அந்த ஞாயிறு நல்ல மழை. செபம் முடிந்து வெளியே வந்தால் ஓர் அக்காள் வாசலை ஒட்டிக் காரை நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டபடி காத்திருந்தார். வீட்டில் அவருடைய மாமனார் நெஞ்சு நோயோடு படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்காளுக்கு மதிய ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அங்கியைக் கழற்ற நான் பையைத் திறந்தேன். "நனைஞ்சிடுவீங்க பிரதர், அப்படியே ஏறுங்க லா" என்றார். ஏறினேன்.

பெரியவர் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு கட்டிலில் இருந்தார். இளம் வயதில் ரப்பர் வெட்டியவர். பிறகு செம்பனைக் குலை அறுத்திருக்கிறார். ஆள் நெடுநெடுவென்று இருந்தாலும் கட்டிலில் பாதிதான் தெரிந்தார். கண்ணில் புரை, காதும் சரியாகக் கேட்காது. அக்காள் அவர் காதருகே குனிந்து, கோயிலிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கத்திவிட்டு, வேலைக்குக் கிளம்ப உள்ளே போனார். சமையலறையில் அவருடைய பிள்ளைகளின் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

பெரியவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு வெள்ளை மட்டும்தான் தெரிந்திருக்கும். கையை உயர்த்திச் சிலுவை அடையாளம் போட்டார். "சாமி, நான் பாவி, என்னை ஆசீர்வதியும்" என்றார். அடுத்த மூச்சிலேயே தன் பாவங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"ஐயா, நான் சாமி இல்ல" என்றேன். அவர் காதில் விழவில்லை. விழ வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தினால் சமையலறைக்கும் கேட்கும். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நிறுத்தச் சொல்லி அவர் கையைப் பிடித்தேன். ஆறுதலாகப் பிடிக்கிறேன் என்று நினைத்து என் கையை இறுக்கிக்கொண்டு இன்னும் வேகமாகச் சொன்னார். சரி, கத்தியே விடுவோம் என்று நான் வாயைத் திறந்த நேரத்தில் அவர் முடித்துவிட்டார். நீண்ட கதை இல்லை. சில வாக்கியங்கள்தான்.

அவர் சொன்னது என்ன என்பது இதில் வராது. வாசிக்கிறவர்கள் வரிகளுக்கு நடுவே தேடவும் வேண்டாம்.

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்தார். பாவமன்னிப்புக்காகக் காத்திருந்தார். அந்த மன்னிப்பு வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். சின்ன வயதிலிருந்து என் தலைக்கு மேல் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! ஆனால் குரு அல்லாத ஒருவன் அதைச் சொன்னால் பாவம் போகாது. வேண்டுமென்றே சொன்னவனுக்கோ குருத்துவத்தின் கதவு சாத்தப்படும். சொல்லக்கூட வேண்டாம், குருவைப்போல் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டாலே குற்றம் என்று வகுப்பில் படித்திருந்தோம். அன்றைக்கு அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. யார் போய் அப்படிச் செய்வான் என்று சபாக்காரப் பையன் கேட்டான்.

நான் கையைத் தூக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அவர் காதருகே 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபத்தைச் சத்தமாகச் சொன்னேன். அவரும் கூடவே சொன்னார். முடிந்ததும் நற்கருணைக்கு வாயைத் திறந்தார். கொடுத்தேன். நான் வந்ததே அதற்குத்தான். பிறகு கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

அக்காள் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். மாமா முகம் எப்படித் தெளிந்துவிட்டது பாருங்கள், இப்படித் தூங்கி எத்தனையோ மாதம் ஆகிறது என்றார்.

வேலைக்குப் போகிற வழியில் அக்காள் என்னைச் செபக்கூடத்தில் இறக்கிவிட்டார்; அங்கிருந்து இல்லத்துப் பழைய காரை ஓட்டிக்கொண்டு செம்பனைக்கு நடுவே திரும்பி வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வழியில் குலாய் நகரம் வரும் வரைக்கும் என்னைப் பற்றித்தான் பயந்தேன். கேட்டது குற்றமா? வேண்டுமென்று கேட்கவில்லையே. ஆனால் எழுந்து ஓடியிருக்கலாம். அங்கியைக் கழற்றியிருக்கலாம். இது குழுவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? குலாயைத் தாண்டி ஸ்கூடாய் நெரிசலில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவருக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டு தூங்குகிறார். அப்படியே போய்விட்டால்? நல்ல மனதோடு செய்தவரைக் கடவுள் கைவிடமாட்டார் என்று படித்தவன்தான் நான். படித்தது அந்தச் சிக்னலில் நிற்கும்போது ஒரு உதவிக்கும் வரவில்லை.

அதிபர் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே, இன்றைக்கு எந்தத் துணுக்கு விழுந்தது என்று கேட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது? பெரியவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் வெளியே விடக்கூடாது. அந்தப் பயத்தில் மென்று விழுங்கினேன். ஒரு பெரியவர் மனதில் இருந்ததையெல்லாம் என்னிடம் கொட்டிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அதிபர் சிரித்தார். சாகப்போகிறவர் மனதைக் கொட்டுவார், நீ காது கொடுப்பாய், அதற்குத்தானே உன்னை அங்கே அனுப்புகிறோம், போய்ச் சாப்பிடு என்றார். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். வீடு தீப்பிடித்தால் மட்டும் வா என்று சொன்னவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டேன்.

ஒரு நாள் விட்டு அக்காளிடமிருந்து போன் வந்தது. மூச்சு ரொம்பவும் வாங்குகிறதாம், இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சாமியைக் கூப்பிட்டுக் கடைசி எண்ணெய் பூசச் சொல்லலாம் என்று மாமனாரிடம் கேட்டிருக்கிறார். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையே சாமி வந்து எல்லாம் கேட்டுவிட்டார் என்றாராம். அக்காளுக்குக் குழப்பம்.

"நீங்க எப்ப பிரதர் சாமியானீங்க? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். நான் போனை வைத்துவிட்டு நேரே அதிபர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. உட்காரவும் இல்லை. வீடு தீப்பிடித்துவிட்டது என்றேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். மன்னிப்பு வார்த்தைகளைச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை. கையை உயர்த்தினாயா? இல்லை. நீ குரு இல்லை என்று அவரிடம் சொன்னாயா? சொன்னேன், அவருக்குக் கேட்கும்படி சொல்லவில்லை. அதிபர் நாற்காலியில் சாய்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று அப்போதுதான் கண்டேன். அதைக் கண்டதும் எனக்கு இரட்டிப்பாகிவிட்டது.

குழுவிடம் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆனால் அது பிறகு. முதலில் அந்தப் பெரியவர். தமிழ் தெரிந்த குருவானவர்கள் எல்லோரும் அந்த வாரம் வருடாந்திரத் தியானத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பும் வரை பெரியவர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தோட்டத்தில் வேலை செய்தவர்தானே, மலாய் தெரிந்திருக்கும், நானே வருகிறேன் என்று அதிபர் கிளம்பினார்.

வழியில் குலாய் தாண்டிய பிறகு அதிபர் ஒன்று சொன்னார். நீ குரு இல்லை என்பதை நீதான் அவரிடம் சொல்லவேண்டும், அதை என்னால் செய்ய முடியாது என்றார். சரி என்றேன். வெளியே பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கோத்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தேறவில்லை.

அக்காள் எங்களைப் பார்த்ததும் ஏதோ விஷயம் என்று புரிந்துகொண்டு பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார். ஆனாலும் அவை ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதிபர் ஜன்னல்களைச் சாத்தினார். பிறகு தொலைக்காட்சியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினார். ஏதோ ஒரு தமிழ்த் தொடரில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகைக்கு அடியில் நான் பெரியவர் காதுக்கு வாயை வைத்தேன்.

"ஐயா, நான் சாமி இல்ல. இன்னும் படிச்சிக்கிட்டிருக்கேன். அன்னைக்கு நீங்க சொன்னத நான் கேட்டிருக்கக் கூடாது."

அவர் தலையைத் திருப்பி என்னையே பார்த்தார். இப்போது என்மேல் வெள்ளை இல்லை, கட்டம் போட்ட சட்டை.

"சாமி இல்லையா?"

"இல்லங்க ஐயா."

"அப்ப எதுக்குக் கேட்ட?"

கத்துவதற்குத் தைரியம் வரவில்லை என்றேன். இதோ இவர்தான் சாமி, மன்னிக்கிற அதிகாரம் இவருக்குத்தான் உண்டு, இவரிடம் இன்னொரு முறை சொல்லிவிடுங்கள் என்றேன். பெரியவர் அதிபரைப் பார்த்தார். தமிழ் தெரியுமா என்று கேட்டார். மலாய்தான் என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். கோபம் மட்டும் இல்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ சொல்றதுக்கே எனக்கு இத்தன வருசம் ஆச்சு தம்பி. இன்னொரு தடவ வராது. மலாய்ல சுத்தமா வராது."

அதிபருக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். உடல் முடியாதவர் விவரமாகச் சொல்லவேண்டியதில்லை, செய்ததற்காக வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தான் மன்னிப்புக் கொடுக்கலாம், திருச்சபை அதை ஏற்றுக்கொள்ளும் என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு சுலபமா! அதைப் பெரியவர் காதில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

அவர் சம்மதிக்கவில்லை. என்ன செய்தேன் என்றே தெரியாமல் எப்படி மன்னிப்பார் என்று கேட்டார். பொத்தாம்பொதுவாக மன்னித்தால் அது மன்னிப்பா என்றார். மூச்சு வாங்கியது. மறுபடியும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமில்ல. நீ சொல்லு."

நான் அதை அதிபருக்கு மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்தால் அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். என்ன சொன்னார் என்று அதிபர் இரண்டு முறை கேட்ட பிறகு சொன்னேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்க் கிராம்பு சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தார். பாதியில் நசுக்கிவிட்டு உள்ளே வந்தார். குருவுக்கும் நோயாளிக்கும் பொது மொழி சரியாக அமையாதபோது நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்க்கலாம், அதற்கு அனுமதி உண்டு. அந்த ஆளும் கேட்டதைச் சாகும் வரை வெளியே சொல்லக்கூடாது. அப்படி ஒருவரை நடுவில் வைத்து இதுவரை தான் கேட்டதில்லை என்றார். பெரியவர் மனமொப்பித்தான் கேட்கிறாரா என்று என் மூலம் கேட்டார். பிறகும் ஒருமுறை கேட்டார். பெரியவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்தச் சாமி எத்தனை தடவைதான் கேட்பார் என்றார்.

அதிபர் பாவசங்கீர்த்தனத்துக்கு அணிகிற சிறிய ஊதா நிறப் பட்டையை எடுத்து முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் மலாயில் தொடங்கினேன். "அவர் சொல்கிறார்..."

அதிபர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் சொல்கிறார் என்று நீ கதை சொல்லக்கூடாது, அவர் பேசுவதாகவே நீ பேசவேண்டும் என்றார். 'சாயா' என்று தொடங்கு என்றார். மலாயில் நான் என்பதற்கு அதுதான் சொல்.

'சாயா' என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிபர் என்னைப் பார்க்கவே இல்லை. பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் 'சாயா' என்று தொடங்கி முதல் வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவதையும் சொன்னேன். மூன்றாவதில் ஒரு சொல் இருந்தது. தமிழில் அது கேட்கவே கூசுகிற சொல். மலாயில் அதற்குக் கொஞ்சம் மென்மையான சொல்லைத் தேடிப் போட்டேன். பெரியவர் என் மணிக்கட்டை அழுத்தினார். இல்லை என்று தலையை ஆட்டினார். மலாயில் சொல்லத்தான் அவருக்கு வராது, கேட்டால் விளங்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். சரியான சொல்லைச் சொல்லும் வரை அவர் விடவில்லை. சொன்னேன். ஒரு பாவமும் அறியாத அக்காளின் பிள்ளைகள் வாசலில் மழைத்தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிபர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன். பெரியவர் அதற்குச் சொன்ன பதிலை மலாயில் சொன்னேன். அதுவும் 'சாயா' என்றுதான். பிறகு அதிபர் எழுந்து பெரியவரின் தலைமேல் கையை நீட்டி மன்னிப்பு வார்த்தைகளைச் சொன்னார். நான் விலகி நிற்கப் பார்த்தேன். மணிக்கட்டை அவர் விடவில்லை, அதனால் நானும் அந்தக் கைக்கு அடியிலேயே குனிந்து நின்றேன். கடைசியில் பெரியவர் சொன்ன ஆமென் தொலைக்காட்சிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. எண்ணெயும் பூசிக்கொண்டார்.

கிளம்பும்போது என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"இனிமே நீ அத மறந்துடு தம்பி."

"சரிங்க ஐயா" என்றேன்.

அந்த வாரமே அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு அதிபரும் நானும் போனோம். அக்காள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அதிபர் குழுவிடம் நான் செய்ததையும் செய்யாததையும் மட்டும் சொன்னார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அங்கியை ஏன் கழற்றவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மழை என்றேன். அதை வெளியே சொல்லிக் கேட்டபோது எவ்வளவு அற்பமாக இருந்தது! குற்றம் என்று தீர்க்கவில்லை. இன்னும் ஒரு வருடம் ஸ்கூடாயிலேயே இருக்கச் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் நவதுறவுக்குப் போனார்கள். நான் விமான நிலையம் வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, அடுத்த ஞாயிறு பண்டார் தெங்காராவுக்குப் போனேன். செபம் முடிந்த உடனே அங்கியைக் கழற்றினேன். கழற்றிவிட்டேனா என்று வழியெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நவதுறவு, படிப்பு, குருப்பட்டம் எல்லாம் ஆயிற்று. இப்போது வேறொரு நாட்டில், கப்பல் துறைமுகம் உள்ள ஊரில் குருவாக இருக்கிறேன். சனிக்கிழமை மாலையில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன். எத்தனையோ பேர் எதையெதையோ சொல்கிறார்கள். எழுந்து விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தால் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இப்படி ஒரு மறதி வாய்த்தது பெரிய கொடை. பெரியவர் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. மற்றவை யாரோ என்னிடம் சொன்னவை. அதை நானே என் வாயால் சொன்னேன்.

நானும் மாதம் ஒரு முறை இன்னொரு குருவானவரிடம் போய் முழங்காலிட்டு என் பாவங்களைச் சொல்கிறேன். 'நான்' என்று தொடங்கியதுமே பெரியவருடையதுதான் முதலில் நாக்கில் வந்து நிற்கிறது. வாய் தவறி விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதை விழுங்கிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் என்னுடையதைச் சொல்கிறேன்.